கைராசிக் கதவு

கேபின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் போன் செய்து கேட்டாள். ஓடுதளம் வரைக்கும் போய்விட்ட விமானத்தைத் திருப்பிக் கொண்டுவர வைத்த கேபின் பொறுப்பாளர் நீங்கள்தானா மேடம் என்று. பயிற்சி வகுப்பில் அந்தக் கதையைச் சொல்கிறார்களாம். நான்தான் என்றேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இருபத்தெட்டு வருடம் பறந்தவள் நான். அந்த வருடங்களில் எதை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி வைப்பாய் என்று கேட்டால் அந்த ஒரு நாளைத்தான் வைப்பேன்.

ஆனால் வகுப்பில் உங்களுக்குச் சொல்லப்படுவது கதையின் பின்பாதி மட்டும். முன்பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உங்களுக்கு உதவும். முன்பாதியில் தப்பு செய்தவளும் நான்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சொந்த ஊர் வில்லியனூர் பக்கம் உறுவையாறு. அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். எங்கள் தெருவில் சீருடை போட்டுச் சூட்கேஸ் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிய முதல் பெண் நான். பஸ் ஓட்டுநர் என்னைப் பார்த்தால் நிறுத்தத்துக்கு இருபதடி முன்னாலேயே வண்டியை நிறுத்துவார். அந்த மிதப்பு எனக்கு உண்டு, மறைக்கவில்லை. வேலையிலும் அப்படித்தான். எனக்குத் தெரியாத மூலை விமானத்தில் இல்லை என்று நினைப்பேன். இந்தக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்போது எங்கள் கம்பெனியில் இரண்டு காற்றாடி வைத்த சின்ன விமானங்கள் சிலவற்றை ஓட்டிக்கொண்டிருந்தோம். சென்னையில் காலையில் கிளம்பி ஐதராபாத், அங்கிருந்து புதுச்சேரி, மறுபடி ஐதராபாத், சாயங்காலம் சென்னை. பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கும். அதுவே படிக்கட்டாகக் கீழே இறங்கும். எல்லோரும் ஏறியதும் நாங்கள்தான் உள்ளிருந்து அதை இழுத்து, கைப்பிடியை அழுத்திப் பூட்ட வேண்டும். பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கக் கதவிலேயே சின்னக் கண்ணாடித் துளைகள் உண்டு. உள்ளே ஒரு பச்சைக் குறி கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அதே நேரம் விமானி அறையில் கதவுக்கான எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும்.

ஒரு விமானத்தில் மட்டும் அந்த விளக்கு அணையவில்லை.

முதல் நாள் அது நடந்தது ஐதராபாத்தில். கதவை மூடினேன், விளக்கு எரிகிறது என்று கேப்டன் சொன்னார். திறந்து மறுபடி மூடினேன். எரிந்தது. மூன்றாவது முறை, கைப்பிடியைப் பாதி அழுத்திய நிலையில் கதவின் மேல்மூலையில் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டி, அப்படியே மீதியையும் அழுத்தினேன். விளக்கு அணைந்துவிட்டது. அன்றைய கேப்டன் தமிழர். சென்சாரில் ஏதோ தூசு இருக்கும், இறங்கியதும் எழுதிவிடலாம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, உங்களுக்குக் கைராசிம்மா என்றார்.

இறங்கியதும் அவர் எழுதவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். குறையை லாக் புத்தகத்தில் எழுதிவிட்டால், இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது. புதுச்சேரியில் எங்களுக்கென்று இன்ஜினியர் கிடையாது. சென்னையிலிருந்து கார் வர வேண்டும். அதனால் எதை எழுதுவதாக இருந்தாலும் சென்னைக்குப் போய் எழுதலாம் என்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சென்னைக்குப் போனதும், காலையிலிருந்து நான்கு முறை மூடித் திறந்து ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும்.

அந்த முதல் நாளையும் சேர்த்துப் பதினோரு நாளில் அந்த விமானம் எனக்கு ஏழு நாள் வந்தது. ஏழு நாளும் தோளைக் கொடுத்து மூடினேன். எனக்கு விடுமுறையான நாட்களில் அதில் போன பெண்கள் போன் செய்து, அக்கா உங்கள் முட்டு எப்படி என்று கேட்டார்கள். போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேருக்கு நேரிலேயே செய்து காட்டினேன். கேபினில் நான் ஒரு வித்தைக்காரி மாதிரி ஆகிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது.

உங்களிடம் மறைக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பச்சைக் குறி கோட்டுக்கு நேராக நிற்கவில்லை. ஒரு நூல் அளவு கீழே நின்றது. அதை முதல் நாளே பார்த்தேன். துளை வழியாகச் சாய்வாகப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்னையில் ஒவ்வொரு சாயங்காலமும் இன்ஜினியர் ஒருவர் படியருகில் வந்து நிற்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், சட்டைப் பையில் டார்ச் வைத்திருப்பார். ஏதாவது உண்டா மேடம் என்று கேட்பார். எல்லாம் சரி சார் என்பேன். ஏழு சாயங்காலம் அப்படிச் சொன்னேன்.

இப்போது என் அக்கா மகள் சுகந்தியைச் சொல்ல வேண்டும். அவள் பிள்ளையார்குப்பத்தில் நர்சிங் படித்து, அங்கேயே இரண்டு வருடம் வார்டில் வேலை பார்த்தவள். குவைத்தில் ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்முகம் ஐதராபாத்தில், ஒரே ஒரு நாள், மாலை நான்கு மணிக்கு என்று கடிதம் வந்தது. ராத்திரி பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தாள். நான்தான் விடவில்லை. பஸ்ஸில் கசங்கிப் போய் அவர்கள் முன்னால் நிற்காதே, அன்றைக்கு என் டியூட்டிதான், என் விமானத்திலேயே வா, ஒன்றே காலுக்கெல்லாம் இறக்கிவிடுகிறேன் என்றேன். அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவளும் மாமாவும் வழியனுப்ப விமான நிலையத்துக்கே வந்துவிட்டார்கள்.

அது அந்த விமானத்தில் எனக்கு எட்டாவது நாள். காலையில் ஐதராபாத்திலிருந்து வரும்போதும் தோளால் முட்டித்தான் மூடியிருந்தேன். புதுச்சேரியில் இறங்கும்போது ஜன்னலில் ஊசுடு ஏரி தெரிந்தது. பதினொன்றரைக்குப் புறப்பாடு. சுகந்தி ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் சின்னம்மா என்று கூப்பிடவில்லை. நான் வேலையில் இருக்கிறேன் என்று அவளே நினைத்துக்கொண்டாள் போல. என் இருக்கைக்கு மூன்று வரிசை முன்னால், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கதவை இழுத்தேன், முட்டினேன், அழுத்தினேன். விளக்கு அணைந்ததாக முன்னாலிருந்து தகவல் வந்தது. கிளம்பினோம்.

அன்றைய கேப்டன் வேறு ஊர் தளத்திலிருந்து அந்த வாரம்தான் எங்களிடம் மாறி வந்தவர். வடக்கத்திக்காரர். அவருக்கு என் கைராசியும் தெரியாது, கதவின் சரித்திரமும் தெரியாது. ஓடுதள முனையில் திரும்பும் இடத்தில் வண்டி கொஞ்சம் குலுங்கியது. உடனே இன்டர்காம் மணி அடித்தது. கதவு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது, கைப்பிடி பூட்டியிருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பார்த்தேன். கைப்பிடி முழுக்கக் கீழே இருந்தது. பூட்டித்தான் இருக்கிறது என்றேன். குறிகள் என்று கேட்டார். குனிந்து துளையில் பார்த்தேன். வழக்கம் போல நூல் அளவு கீழே.

நான் பதில் சொல்லும் முன்பே அவர் அடுத்ததைக் கேட்டார். ஆங்கிலத்தில், அவசரமே இல்லாத குரலில்.

"இதற்கு முன் இந்த விளக்கு இப்படிச் செய்ததுண்டா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு உங்களிடமும் யாராவது இப்படி ஒன்று கேட்பார்கள், அப்போதும் உங்களுக்கு இவ்வளவு நேரம்தான் கிடைக்கும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விளக்கு இப்போது எரியவில்லை. கைப்பிடி பூட்டியிருக்கிறது. பதினோரு நாளாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நிமிடத்தில் மேலே ஏறிவிடலாம், ஒன்றே காலுக்கு இறங்கிவிடலாம், நான்கு மணிக்குப் பெண் அங்கே இருப்பாள். ஆமாம் என்று சொன்னால் அவள் போகமாட்டாள். அத்தோடு என் வேலை என்ன ஆகுமோ தெரியாது. ரிசீவரைக் காதில் வைத்தபடி சுகந்தியின் தலையைப் பார்த்தேன். இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டு, வார்டுக்குப் போவது மாதிரி கிளிப் மாட்டியிருந்தாள்.

எதை நினைத்து வாயைத் திறந்தேன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் இந்த விமானத்தில் இருக்கிறாள் என்பதைத்தான் நினைத்தேன். அவள் நேர்முகத்துக்குப் போக வேண்டும் என்பதை அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வி வந்ததும், அவளும் இன்னும் அறுபது பேரும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் மனசில் நின்றது.

சொன்னேன். ஆமாம் கேப்டன். பதினோரு நாளாக இருக்கிறது. தோளால் முட்டினால்தான் விளக்கு அணைகிறது. குறி கோட்டுக்கு நேராக இல்லை. எங்கும் எழுதவில்லை. நான் எழுதச் சொல்லவும் இல்லை.

கேப்டன் நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். விமானம் மெல்லத் திரும்பியது.

தொழில்நுட்பக் காரணத்தால் நிறுத்துமிடத்துக்குத் திரும்புகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் சுகந்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நின்றதும், பயணிகளை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான் கதவருகில் நின்றேன். எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு அவள் கடைசியாக வந்தாள்.

"இன்னா சின்னம்மா ஆச்சி? எப்பத் திரும்பக் கெளம்பும்?"

"இப்பக் கெளம்பாது. இன்ஜினியரு சென்னையிலேருந்து வரணும்."

"நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

"தெரியும்டி."

கேபினில் நானும், என்னோடு வேலை பார்த்த இளம்பெண்ணும் மட்டும் இருந்தோம். சுகந்தி கெட்டிக்காரி. முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு நான் ரிசீவரில் பேசியதில் பாதி காதில் விழுந்திருக்கிறது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒன்னாலதானா?"

"ஆமா. என்னாலதான்."

ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மற்ற வழிகள் எல்லாவற்றையும் அக்காவும் மாமாவும் பார்த்தார்கள். காரில் சென்னை போய் அடுத்த விமானம் பிடித்தால் ராத்திரி ஆகிவிடும். குவைத் வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜெண்டுக்குப் போன் செய்தார்கள். இன்றைக்குச் சாயங்காலத்தோடு பட்டியல் முடிகிறது, தனியாக ஒருவருக்காக அவர்கள் காத்திருக்கமாட்டார்கள் என்றானாம். அரை மணி கழித்து அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை, நீயே பேசு அக்கா என்றேன்.

"ரெண்டு வருசமா இதுக்குன்னே காத்துகினு இருந்துச்சி அந்தப் பொண்ணு. நீ வாய மூடிகினு இருந்தா இன்னா கொறைஞ்சிபோயிருக்கும்?"

வைத்துவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கு அதைச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது.

இன்ஜினியர் வந்துசேர மூன்றரை மணி நேரம் ஆனது. சாயங்காலம் தோறும் என்னிடம் ஏதாவது உண்டா என்று கேட்பாரே, அதே மனிதர். காரிலிருந்து கருவிப் பையோடு இறங்கி வந்தார். கேப்டன் லாக் புத்தகத்தில் குறையை எழுதி முடித்திருந்தார். நான் என் பங்குக்கு நடந்ததை விளக்க ஆரம்பித்தேன். இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தி, வார்த்தை வேண்டாம், பயணிகள் இருந்தால் எப்படி மூடுவீர்களோ அப்படியே மூடிக் காட்டுங்கள் என்றார்.

மூடிக் காட்டினேன். பாதி அழுத்தி, தோளைக் கொடுத்து, மீதியை அழுத்தி. விளக்கு அணைந்துவிட்டது என்று முன்னாலிருந்து கேப்டன் சொன்னார். இன்ஜினியர் மறுபடி ஒருமுறை காட்டச் சொன்னார். காட்டினேன். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"நல்லா மூடுறீங்கம்மா. அதனாலதான் எனக்குத் தெரியாமலே போச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார். என் இருபத்தெட்டு வருடத்தில் யாரும் என்னை இப்படித் திட்டியதில்லை, இப்படிப் பாராட்டியதும் இல்லை. உங்களுக்கு நான் கொடுக்க நினைப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். ஒரு குறையை நீங்கள் சாமர்த்தியத்தால் சமாளித்தால், அதைச் சரிசெய்ய வேண்டியவரின் கண்ணிலிருந்து அதை மறைத்துவிடுகிறீர்கள். சாமர்த்தியம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாக மறையும். கை வராத புதுப் பெண் ஒருத்தி அந்தக் கதவை மூடியிருந்தால், முதல் நாளே மூட முடியாமல் எழுதியிருப்பாள். அவளால் விமானம் பிழைத்திருக்கும்.

பிறகு அவர் கதவோரத்துத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே கைவிட்டார். பூட்டு விழும் இடத்தில் இருந்த ஓர் உருளையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகி, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. சென்சாரில் தூசு எதுவும் இல்லை. பூட்டு முழுசாக விழவில்லை என்று விளக்கு பதினோரு நாளாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் முட்டிய முட்டில் விளக்கு நம்பிவிட்டது, பூட்டு சரியாகவில்லை. இன்றைக்குப் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். இன்னும் நூறு தடவை தாங்கியிருக்கலாம், இன்றைக்கே விட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கேப்டனும் அந்த உருளையை வாங்கிப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, நீங்கள் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருப்பேன் என்றார். அவர் என்னைக் காப்பாற்றவும் பார்க்கவில்லை, மாட்டிவிடவும் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். நல்ல கேப்டன்கள் அப்படித்தான்.

விசாரணை மூன்றாம் நாள் சென்னையில். அதற்கு முந்தின நாள் நான் உட்கார்ந்து, அந்தக் கதவை மூடிய ஒவ்வொரு நாளையும் எழுதினேன். எந்த ஊர், என்ன செய்தேன், சாயங்காலம் இன்ஜினியரிடம் என்ன சொன்னேன். யாருக்கெல்லாம் முட்டச் சொல்லிக்கொடுத்தேனோ அவர்களுக்கு நானே போன் செய்து, நான் கற்றுக்கொடுத்தேன் என்று எழுதப்போகிறேன், உங்கள் பெயரை நான் எழுதவில்லை, நீங்களாகச் சொல்வதென்றால் சொல்லுங்கள் என்றேன். மூன்று பேர் அவர்களாகவே எழுதிக் கொடுத்தார்கள். கைராசி என்று சொன்ன கேப்டனைப் பற்றி விசாரித்தவர்கள் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. அதற்காக வருத்தம் உண்டு. சொன்னதற்காக வருத்தம் இல்லை.

நாற்பத்தைந்து நாள் என்னைப் பறக்க விடவில்லை. மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்தில் பயிற்சி மாணவர் அட்டை மாட்டிக்கொண்டு, கதவு மூடும் பாடத்தை முதலிலிருந்து படித்தேன். முதல் நாள் அந்த அட்டையைப் பையில் மறைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். இரண்டாம் நாளிலிருந்து வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டேன். கதவில் மேடம் என்ன தப்பு செய்தீர்கள் என்று ஒரு பையன் நேராகவே கேட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வகுப்பில் இந்தக் கதை சொல்லப்படுவதற்கு அதுதான் ஆரம்பம். முதலில் சொன்னவள் நான்தான், முழுசாகச் சொன்னேன். போகப் போக அவர்களாக முன்பாதியைக் கத்தரித்துவிட்டார்கள்.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் குறை வந்தாலும் விமானத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. படிக்கும் விளக்கு எரியாமல், காபி இயந்திரம் வேலை செய்யாமல், சாய்வு இருக்கை சாயாமல் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எதோடு போகலாம், எதோடு போகக்கூடாது, போனால் என்ன கட்டுப்பாடு என்பதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. அதைப் படித்து முடிவு சொல்ல ஆள் இருக்கிறார்கள். அவர்கள் முடிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இது சின்னது என்று நீங்களாக ஒரு தீர்ப்பு எழுதி, அதை உங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அந்தப் புத்தகத்துக்கு வேலை இல்லை. நான் செய்தது அதைத்தான்.

அக்கா அந்த வருடம் பொங்கலுக்கு என் வீட்டுக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. இப்போது எல்லாம் பேசுகிறாள், அந்த நாளைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நானும் எடுப்பதில்லை. சுகந்தி பழைய வார்டிலேயே ஒன்றரை வருடம் வேலை பார்த்தாள். பிறகு வேறொரு ஏஜென்சி மூலம் குவைத்துக்கே போனாள். போகும்போது எனக்குப் போன் செய்து போய்வருகிறேன் என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அந்த ஒன்றரை வருடத்தை நான் திருப்பித் தர முடியாது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நான் பெருமைப்படுகிறேன்.

ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்னால், ஐதராபாத்தில் ஒரு மத்தியானம். புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டிய விமானம். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது சுகந்தி உள்ளே வந்தாள். விடுமுறைக்கு வருகிறாள், குவைத்திலிருந்து ஐதராபாத் வழியாக. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பையை மேலே வைக்க உதவினேன்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு என் இருக்கையில் உட்கார்ந்து தோள்பட்டி பெல்ட்டை மாட்டினேன். பூட்டு விழுந்தது. லேசாக இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. மறுபடி மாட்டினேன், இந்த முறை நின்றது. மூன்றாவது முறை மறுபடி கழன்றது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்து அழுத்தினால் நிற்கிறது என்று என் கை அதற்குள் கண்டுபிடித்துவிட்டது. எழுந்து போய்க் கேப்டனிடம் சொன்னேன். எழுதச் சொன்னார், எழுதினேன். இன்ஜினியர் வந்து பூட்டை மாற்றிக் கையெழுத்துப் போட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உள்ளே புழுக்கம். ஜனங்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். நான் ஒவ்வொரு வரிசையாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தேன். சுகந்திக்குப் பக்கத்தில் பாகூர்க்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை வேட்டியில், வீட்டில் நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"இன்னாம்மா இது, பயணிக்கு இல்ல, ஒங்க சீட்டு பெல்ட்டுக்கு ஒரு மணி நேரமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிகினு போவக்கூடாதா?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"அவங்க எங்க சின்னம்மா. ஒண்ணு சரியில்லன்னா சொந்த அக்கா பொண்ணுன்னுகூடப் பாக்கமாட்டாங்க. என்னியே எறக்கிவுட்டவங்க. நீங்க தண்ணியக் குடிச்சிட்டு ஒக்காருங்க."

அவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார். சுகந்தியும் கையை நீட்டினாள். அவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். இன்னும் ஒன்பது வரிசை பாக்கி இருந்தது. தட்டு கையில் ஆடாமல் அத்தனை பேருக்கும் கொடுத்து முடித்தேன்.